யூடியூப் பார்த்து வாட்டர்கலர்: எங்கே சொதப்புகிறது, எப்படிச் சரிசெய்வது

2020 ஊரடங்கில் போனைப் பார்த்து வாட்டர்கலர் பழக ஆரம்பித்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் இரவு பத்து மணிக்கு ஒரு படத்தை அனுப்பி, "அக்கா, எனக்கு மட்டும் ஏன் இப்படி வருது?" என்று கேட்கிறார்கள். படம்தான் புதிது, கோளாறு பழசு. ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை கட்டிப்போனதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பர்ஸைத் திறக்கவேண்டிய காரணம் கடைசியில் வரும். வரிசையைத் தாண்டாதீர்கள். கடைசியில் இருப்பதை முதலில் வாங்கிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று. யாரிடமாவது காட்டி யோசனை கேட்பதாக இருந்தால் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். காகிதத்தின் பின்பக்கம், நிறம் கலக்கும் தட்டான பேலட், பிரஷ் கழுவும் தண்ணீர் டம்ளர், மூன்றையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புங்கள். பாதிக் காரணம் அந்த டம்ளரிலேயே தெரிந்துவிடும்.

## காகிதம் அப்பளம் மாதிரி நெளிகிறது

நோட்டின் அட்டையைத் திருப்பி ஜிஎஸ்எம் எத்தனை என்று பாருங்கள். அது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராம் கணக்கில்.

200-க்குக் கீழே இருந்தால்: பிரச்சினை உங்களிடம் இல்லை. பள்ளிக்கூட டிராயிங் நோட்டில் ஈர வாஷ் (நிறத்தைத் தண்ணீரில் கரைத்துப் பெரிய இடத்தில் பரப்புவது) போட்டால் நெளியத்தான் செய்யும். அதைப் பென்சிலுக்கு வைத்துக்கொண்டு 300 ஜிஎஸ்எம் வாங்குங்கள்.

300 இருந்தும் நெளிந்தால்: ஒட்டினீர்களா? பரீட்சை அட்டை ஒன்று போதும். நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பை, பாதி காகிதத்தின் மேலும் பாதி அட்டையின் மேலுமாக ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேயுங்கள். நிறையத் தண்ணீர் விடும் பாடமாக இருந்தால், ஒட்டும் முன்பே காகிதத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் தடவி, இரண்டு நிமிடம் விரிய விட்டு, ஓரங்களை மட்டும் துணியால் ஒற்றி ஒட்டுங்கள். ஒரே பக்கம் நனைந்தால்தான் காகிதம் முறுக்கிக்கொள்ளும்.

வரைந்து முடித்த படம் நெளிந்துவிட்டதா: நன்றாகக் காய்ந்தபின் பின்பக்கத்தில் மட்டும் ஸ்பிரே பாட்டிலால் லேசாக ஈரமாக்கி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, தடித்த புத்தகங்களை ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். அநேகமாக நிமிர்ந்துவிடும்.

## வானம் போடும்போது பாதியிலேயே காய்ந்து பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது

குழுவில் அதிகம் வருகிற கேள்வி இதுதான். கோளாறு பல நேரம் காகிதத்தில் இல்லை, தலைக்கு மேலே சுற்றுகிறது.

முதலில் மேலே பாருங்கள். ஃபேன் ஓடுகிறதா? நிறுத்துங்கள். வீடியோவில் வரைகிறவர் பெரும்பாலும் குளிர் நாட்டில், ஃபேனே இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறார். "இப்போது நிதானமாக மேகங்களைத் தொடலாம்" என்று அவர் சொல்கிற நேரத்தில் நம்முடைய வானம் காய்ந்து மொறமொறவென்று இருக்கிறது. தூத்துக்குடியில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை மூன்று மாதம் வானம் மட்டுமே போட்டுப் போட்டுத் தோற்று, இரண்டு விலையுயர்ந்த பிரஷ்ஷும் வாங்கிவிட்டார். ஒருநாள் வீடியோ காலில் வரைந்து காட்டச் சொன்னேன். போன் மைக்கில் ஃபேன் சத்தம்தான் முதலில் கேட்டது. அன்று சாயங்காலமே அவருக்கு வானம் வந்துவிட்டது.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. அதே காகிதத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் ஈரமாக்கி, கண்ணைக் காகித மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். அந்தப் பளபளப்பு அடங்க எத்தனை நிமிடம் ஆகிறது? ஃபேனோடு ஒரு முறை, ஃபேன் இல்லாமல் ஒரு முறை. பாடத்தில் ஒரு வாஷுக்கு ஆகும் நேரத்தைவிட அது குறைவாக இருந்தால் அந்த நேரத்தில் அந்த அறையில் அந்தப் பாடம் நடக்காது. மே மாதத்தில் நான் காலை ஆறு மணிக்கு உட்காருகிறேன், எட்டு மணிக்கு எழுந்துவிடுகிறேன். மதியம் பென்சில் வேலைதான்.

ஃபேனை நிறுத்தியும் கோடு விழுந்தால், பேலட்டைப் பாருங்கள். வாஷின் நடுவில் மறுபடி நிறம் கலக்க வேண்டியிருந்ததா? அந்த முப்பது விநாடியில்தான் ஓரம் காய்ந்தது. தேவை என்று தோன்றுவதைப்போல் இரண்டு மடங்கு கலக்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். மிஞ்சினால் மிஞ்சட்டும்.

அதுவும் சரியென்றால், அட்டை சமமாகக் கிடக்கிறதா? மேல் ஓரத்துக்குக் கீழே டேப் உருளையைப் படுக்கவைத்துச் சாய்வு கொடுங்கள். நிறம் கீழ் விளிம்பில் ஒரு குண்டுத் துளியாகத் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பில் அந்தத் துளியைத் தொட்டுக் கீழே கூட்டிக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான். துளி வற்றவிட்டால் கோடு.

பிரஷ் சின்னதா? ஏ4 வானத்துக்கு 4-ஆம் நம்பர் பிரஷ் போதவே போதாது. 12-ஆம் நம்பர் உருண்டை பிரஷ், இல்லையென்றால் ஒரு அங்குலப் பட்டை பிரஷ். செயற்கை முடி போதும்.

கடைசியாகக் காகிதம். மரக்கூழ்க் காகிதம் சீக்கிரம் காயும். 100 சதவீதம் காட்டன் என்று அச்சிட்ட காகிதம் ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபேப்ரியானோ, ஆர்ஷ் போன்ற இத்தாலி, பிரான்ஸ் காகிதங்களைத்தான் நிறைய ஆசிரியர்கள் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் சித்ரபட் கைக்காகிதமும் காட்டன்தான், விலையும் தாங்கும். ஆனால் மேலே சொன்ன நான்கையும் சரிசெய்யாமல் இதை வாங்கினால் விலையுயர்ந்த காகிதத்தில் அதே கோடுதான் விழும்.

ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர் எதிர்: ஒரு மணிநேரம் ஆகியும் காயாது. அப்போது ஃபேனைப் போடலாம், ஹேர் டிரையரும் பிடிக்கலாம். பளபளப்பு அடங்கியபிறகு, ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். ஈரமாக இருக்கும்போது பிடித்தால் காற்று நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

## வாஷுக்கு நடுவில் காலிஃபிளவர் மாதிரி பூத்து நிற்கிறது

பாதி காய்ந்த வாஷை, அதைவிட ஈரமான பிரஷ்ஷால் தொட்டிருக்கிறீர்கள். வேறு காரணம் தேடவேண்டாம். டேப் ஓரத்தில் தேங்கிய தண்ணீர் உள்ளே திரும்பி வழிந்தாலும் இதே பூதான், ஓரத்தைத் துணியால் ஒற்றிவிடுங்கள்.

தொடும் முன் சோதனை: விரலின் பின்பக்கத்தைக் காகித ஓரத்தில் வையுங்கள். பளபளப்பு இல்லை ஆனால் சில்லென்று இருக்கிறது என்றால் அதுதான் ஆபத்தான நேரம், கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். பூத்துவிட்டால் உடனே தேய்க்க ஓடாதீர்கள். முழுக்கக் காயவிட்டு, ஈரப் பிரஷ்ஷால் விளிம்பை மட்டும் மெல்ல இளக்கி டிஷ்யூவால் ஒற்றுங்கள். இல்லையென்றால் அங்கே ஒரு மரம் வைத்துவிடுங்கள். என் பழைய படங்களில் தேவையில்லாத இடத்தில் தென்னை மரம் நின்றால் காரணம் இதுதான்.

## நிறமெல்லாம் சேறாகிறது

டம்ளர். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டதா? ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள், கழுவ ஒன்று, கலக்க ஒன்று. கலக்கும் டம்ளர் எப்போதும் குடிக்கலாம் போல் இருக்கவேண்டும். (குடித்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் குடித்திருக்கிறார். பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூர்மையாக்கும் பழக்கம் இருந்தாலும் இன்றே விடுங்கள், காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த நிறங்கள் உண்டு.) ஆழ்குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் விடுகிற ஊராக இருந்தால், கலக்குவதற்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர்.

காகிதத்தின் மேல் எத்தனை தடவை தேய்த்தீர்கள்? மூன்று இழுப்புக்கு மேல் போனால் கீழே இருக்கும் நிறம் எழுந்து வந்து கலக்கும். கீழ் அடுக்கு முழுக்கக் காய்ந்ததா என்பதையும் பாருங்கள்.

வெள்ளையைக் கலந்தீர்களா? பெட்டியில் வெள்ளை டியூப் இருப்பதால் நிறத்தை வெளுக்க அதைச் சேர்க்கிறவர்கள் நிறைய. வாட்டர்கலரில் வெளுக்கத் தண்ணீர்தான். வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பு பூசிய மாதிரி மங்கிவிடும்.

இந்த மூன்றும் இல்லையென்றால் டியூபின் முதுகைப் படிக்கவேண்டும். இங்கே கொஞ்சம் நேரம் செலவு செய்யுங்கள், காசைவிட அது மலிவு.

டியூபின் முன்னால் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பிபி (PB, நீல நிறப்பொடி), பிஆர் (PR, சிவப்பு), பிஒய் (PY, மஞ்சள்) குறியீடுதான் உள்ளே இருக்கும் சரக்கு. ஆசிரியர் "சாப் கிரீன் எடுங்கள்" என்கிறார். பெரும்பாலான கம்பெனிகளில் அது இரண்டு மூன்று நிறப்பொடிகளின் கலவை, கம்பெனிக்குக் கம்பெனி கலவையும் வேறு. அதனால் அவர் பச்சையும் உங்கள் பச்சையும் பெயரில் மட்டும்தான் ஒன்று. ஏற்கெனவே மூன்று பொடி கலந்த டியூபோடு இன்னொரு மூன்று பொடி டியூபைக் கலந்தால் சேறு வராமல் என்ன வரும்? முடிந்தவரை ஒரே குறியீடு உள்ள டியூபாக வாங்குங்கள்.

நீலத்தில்தான் பலரும் விழுகிறார்கள். அல்ட்ராமரீன், பிபி 29, கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம். தாலோ ப்ளூ, பிபி 15, பச்சைப் பக்கம் சாய்ந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டையும் தனித்தனியாக லெமன் யெல்லோவோடு கலந்து பாருங்கள். தாலோவில் கிளிப்பச்சை வரும். அல்ட்ராமரீனில் காய்ந்த வேப்பிலை நிறம் வரும். எதுவும் தப்பில்லை, ஆனால் வயல் வரைகிறபோது எது வேண்டும் என்று தெரிந்து எடுக்கவேண்டும். ஊதாவிலும் இதே கதை. அல்ட்ராமரீனோடு ரோஸ் சாய்ந்த சிவப்பைச் சேர்த்தால் நல்ல கத்திரிக்காய் நிறம். ஆரஞ்சு சாய்ந்த சிவப்பைச் சேர்த்தால் புளிக்குழம்பு நிறம்.

வேண்டுமென்றே சேறாக்கவும் ஒரு ஜோடி உண்டு. அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும். நீலம் தூக்கலாக இருந்தால் மழை மேகம், பழுப்பு தூக்கலாக இருந்தால் பழைய சுவர். நிழலுக்குக் கறுப்பு டியூபைத் தொடுவதற்கு முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

புது நிறம் வாங்குவது கடைசி. இருக்கிற எல்லா நிறத்தையும் ஒன்றோடொன்று கலந்து, நீங்கள் வரையும் அதே காகிதத்தில் ஓர் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அதற்கப்புறமும் ஒரு நிறம் கிடைக்கவில்லை என்றால் வாங்குங்கள்.

## காய்ந்ததும் வெளிறிப்போகிறது

வாட்டர்கலர் காய்ந்தால் ஒரு படி வெளுக்கும், யாருக்கும். ஈரத்தில் "ஐயோ, கொஞ்சம் தூக்கலா?" என்று பயம் வருகிற அளவுக்குப் போட்டால்தான் காய்ந்தபின் சரியாக இருக்கும். எங்கள் குழுவில் கெட்டியை நீர்மோர், பால், தயிர் என்று சொல்லிக்கொள்கிறோம். வானம் நீர்மோர், தூர மரம் பால், பக்கத்து மரத்தின் இருட்டு தயிர். எல்லாவற்றையும் நீர்மோரில் போட்டால் படமே நோயாளி மாதிரி இருக்கும்.

டியூப் இல்லாமல் காய்ந்த கட்டியாக வரும் கேக் நிறமா? வரைய ஐந்து நிமிடம் முன்னால் ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். காய்ந்த கேக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தால் நிறமும் வராது, பிரஷ் நுனியும் போய்விடும்.

மாதக்கணக்கில் சுவரில் இருந்து வெளுத்தால் அது வேறு வியாதி. பழைய அலிசரின் கிரிம்சன், பிஆர் 83, வெளிச்சத்தில் நிற்காது. கண்ணைப் பறிக்கும் ஓப்பரா பிங்க் வகையும் அப்படித்தான். சந்தேகம் இருக்கிற நிறத்தை ஒரு பட்டையாகத் தீட்டி, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு கோடைக்காலம் விட்டு எடுத்துப் பாருங்கள். யாருக்காவது பரிசாகவோ விலைக்கோ கொடுக்கப்போகும் படம் என்றால் இந்தச் சோதனை கட்டாயம்.

## காகிதம் உரிகிறது, அல்லது மை ஒற்றும் தாள் மாதிரி திட்டுத்திட்டாக உறிஞ்சுகிறது

உரிவதற்குக் காரணம் அநேகமாக அழுத்தமான ரப்பர், ஈரத்தில் தேய்ப்பது, டேப்பை நேராக மேலே இழுப்பது. டேப்பை உரிக்கும்போது படத்திலிருந்து வெளிப்பக்கமாக, காகிதத்தோடு ஒட்டினாற்போல் சாய்த்து மெல்ல இழுங்கள். வரவில்லையென்றால் டிரையரால் கொஞ்சம் சூடுகாட்டுங்கள்.

திட்டுத்திட்டாக உறிஞ்சினால் விஷயம் வேறு. தண்ணீர் உடனே உள்ளே இறங்காமலிருக்க வாட்டர்கலர் காகிதத்துக்கு ஒரு பசை ஊட்டியிருப்பார்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், பீரோ அடியில் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தப் பசை போய்விடும். சோதனை எளிது. மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்து மாதிரி கொஞ்ச நேரம் நின்றால் நல்ல காகிதம். வைத்த உடனே கறுத்து உள்ளே போனால் போன கேஸ், வாட்டர்கலருக்கு ஆகாது. பென்சிலுக்கோ போஸ்டர் கலருக்கோ வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு கடையில் தள்ளுபடி என்று இருபது தாள் வாங்கி, இருபதும் இப்படி இருந்தன. இப்போது கடையிலேயே, கேட்டுக்கொண்டு, ஓரத்தில் சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். வீட்டில் ஜிப் கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு.

## வீடியோவில் தெரியும் நிறம் எனக்கு வரவே இல்லை

போனில் இரவு நேர மஞ்சள் வடிகட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். எட்டு மணிக்கு மேல் தானாக ஓடும்படி பலரும் வைத்திருப்பார்கள், மறந்தும் போயிருப்பார்கள். அடுத்தது அறை விளக்கு. மஞ்சள் பல்புக்குக் கீழே மஞ்சள் நிறம் காணாமல் போகும். இரவில் வரைந்ததைக் காலையில் பார்த்து அதிர்ச்சியடைவது இதனால்தான். 5000 முதல் 6500 கெல்வின் வரை போட்டிருக்கும் வெள்ளை எல்இடி பல்பு ஒன்றை மேசைக்கு மாட்டுங்கள். அதற்கு மேல் திரை நிறத்தை அச்சாகப் பிடிக்க முயலவேண்டாம், வீடியோ எடுத்தவரின் கேமராவும் எடிட்டிங்கும் அதில் கை வைத்திருக்கும்.

## வீடியோவோடு கூடவே ஓட முடியவில்லை

ஓடவேண்டாம். முதல் தடவை பிரஷ்ஷைத் தொடாமல் முழுசாகப் பாருங்கள். எங்கெல்லாம் காயவிடுகிறார் என்று ஒரு தாளில் நிமிடத்தோடு குறியுங்கள். காயும் நேரத்தை வெட்டியெடுத்துவிட்டுத்தான் வீடியோ போடுகிறார்கள், இருபது நிமிடப் படம் என்பது உண்மையில் இரண்டு மணிநேரமாக இருக்கலாம். இரண்டாவது தடவை, ஒரு குறி வரை பார்த்து, நிறுத்தி, அந்தக் கட்டத்தைப் போனைப் பார்க்காமல் முடியுங்கள். வாஷுக்கு நடுவில் மட்டும் நிறுத்தக்கூடாது. பாஸ் பட்டனை அழுத்த ஈரக் கையோடு ஓடிய அந்த ஐந்து விநாடியில் எத்தனை வானங்கள் போயிருக்கின்றன!

## பார்த்துப் போட்டால் வருகிறது, தனியாக உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை

இது கை சம்பந்தப்பட்டது இல்லை. எதை விடுவது, எங்கே இருட்டு, எது முதலில் என்ற முடிவையெல்லாம் ஆசிரியர் எடுத்துவிட்டார். நீங்கள் கேட்டு நடந்தீர்கள்.

நேற்றுப் போட்ட அதே படத்தை இன்று வீடியோ இல்லாமல் போட்டுப் பாருங்கள். எங்கே தடுக்கி விழுகிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

வீடு சாய்கிறது, படகு வாழைப்பழம் மாதிரி இருக்கிறது: உருவம் வரைவதில் குறை. இதற்கு இன்னொரு வாட்டர்கலர் கோர்ஸ் வாங்குவது வீண். ஒரு மாதம் பென்சில் மட்டும். வீட்டு நாற்காலி, குக்கர், வாசலில் நிற்கும் வண்டி.

உருவம் சரி, ஆனால் படம் சப்பென்று இருக்கிறது: படத்தைப் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிகிறதா? வரையும் முன் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக மூன்று கட்டம் போட்டு, வெள்ளை, நடுத்தரம், இருட்டு என்று மூன்றே சாயல் வைத்துப் பென்சிலால் நிரப்புங்கள். கட்டத்தில் நன்றாக இல்லாதது பெரிய காகிதத்திலும் நன்றாக இருக்காது.

அதுவும் சரி, எதை வரைவதென்றே தெரியவில்லை: வீடியோவில் வரும் பனிமலையும் மரவீடும் நீங்கள் பார்த்ததில்லை. அதனால்தான் மனசில் வரவில்லை. தெரு முனை டீக்கடை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, துணி காயும் கொடி. நீங்களே எடுத்த போட்டோவிலிருந்து, அதுவும் மதிய வெயிலில் எடுக்காமல் காலை நிழல் நீண்டிருக்கும்போது எடுத்ததிலிருந்து ஆரம்பியுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் காசு அதிகம் போகிறது. பதினொரு கோர்ஸ் வாங்கி இரண்டை முடித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பதினொன்றில் நான்கை வாங்கியது நான்தான், மீதி என் தங்கை. கையில் இருப்பதை முடிக்காமல் அடுத்தது வாங்காதீர்கள். வாங்கினால், முதல் வாரத்திலேயே இரண்டு பாடம் போட்டுப் பாருங்கள். பணம் திருப்பித் தரும் காலக்கெடு உள்ள தளமாக இருந்தால் அதற்குள் முடிவு தெரிந்துவிடும்.

## எப்போது ஆளைப் பார்க்கவேண்டும்

மேலே உள்ளதையெல்லாம் பார்த்தபிறகும் ஒரே கோளாறு தொடர்ந்து பத்துப் படங்களில் வந்தால், திரையில் தீராது. நீங்கள் பிரஷ்ஷைப் பிடிக்கும் விதத்தையோ காகிதத்தைத் தொடும் வேகத்தையோ பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பார்க்கவேண்டும். வருஷக்கணக்கான வகுப்பு தேவையில்லை, இரண்டு உட்காரலுக்குக் கேளுங்கள். போகும்போது நல்ல படங்களைக் கொண்டுபோகாதீர்கள், கெட்டுப்போன பத்தையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். அவருக்கு முன்னால் ஒரு வானம் போட்டுக் காட்டுங்கள்.

யாரைத் தேடுவது? சென்னை எழும்பூரில், 1850-இல் தொடங்கிய ஓவியப் பள்ளியின் வழிவந்த அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்திலும் ஒன்று. அங்கே மாணவர் கண்காட்சி நடக்கும்போது போய், உங்களுக்குப் பிடித்த மாதிரி வாட்டர்கலர் போட்டிருக்கும் மாணவரிடம் நேராகவே கேட்கலாம். குழந்தைக்கு என்றால், 5 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்குக் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் ஓவியமும் சொல்லித்தருகிறார்கள். மாவட்டத் தலைநகரில் விசாரியுங்கள்.

மணிக்கட்டோ தோள்பட்டையோ வலித்து, ஒரு வாரம் ஓய்வு கொடுத்தும் போகவில்லை என்றால் ஓவிய ஆசிரியரிடம் கேட்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். தாத்தா காலத்து வாட்டர்கலர் படத்தில் பூஞ்சை பூத்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், பூஞ்சையோடு நிறமும் வந்துவிடும். ஃபிரேமிலிருந்து பிரிக்காமல், மற்ற படங்களிடமிருந்து தள்ளிக் காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு, அருங்காட்சியகத்தில் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள்.